ஒலீட்டா கையெழுத்துப் போடமாட்டாள்

மார்ச் 5, 2012
அரசு இலவச வழக்கறிஞர் அலுவலகம்,
பிரிட்சர்ட் கவுண்டி, கென்டக்கி

திருமதி ஒலீட்டா சைஸ்மோர் அவர்களுக்கு,

உங்கள் வழக்கை நடத்த நீதிமன்றம் என்னை நியமித்திருக்கிறது. என் பெயர் மிரியம் ஆஸ்ட்ராண்டர். இதை நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மூன்று கவுண்டிகளின் வழக்குகள் என் தலையில் இருக்கின்றன. நீங்கள் இருக்கும் சிறைக்கு வரும் மலைப்பாதையிலோ பாறை சரிந்து கிடக்கிறது. அடிக்கடி வர முடியாது. வழக்கறிஞர் கடிதத்தைச் சிறைக்காரர்கள் பிரித்துப் படிக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் கடிதத்தில் தாராளமாக எழுதலாம். மற்றபடி வழக்கைப் பற்றி உள்ளே யாரிடமும் பேச வேண்டாம்.

டாக்டர் ஹார்வில் உங்களுக்கு முப்பது வலி மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார், நீங்கள் சீட்டில் 30 என்பதிலுள்ள மூன்றை எட்டாகத் திருத்தி எண்பது மாத்திரை வாங்கப் பார்த்தீர்கள் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் ஐந்தாண்டு வரை சிறை.

அரசு வக்கீல் பென்னிங்டன் ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். சிறை கிடையாது, ஐந்தாண்டு கண்காணிப்பு மட்டும். இதுபோன்ற வழக்கில் இதைவிட நல்லது கிடைப்பது அரிது. ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது என் ஆலோசனை. தாள் இணைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

உண்மையுள்ள,
மிரியம் ஆஸ்ட்ராண்டர்


மார்ச் 10
சிறையிலிருந்து

வக்கீலம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில் பாதி எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே பேனா தரமாட்டார்கள். ஒரு விரல் நீளம்கூட இல்லாத பென்சில்தான். போதாததற்குக் கை நடுங்குகிறது. மாத்திரை இல்லாமல் உடம்பு என்னைப் பிழிந்து எடுத்துவிட்டது. இப்போது பரவாயில்லை, சோற்றின் வாசனை பிடித்தால் குமட்டுவதில்லை.

நான் யாரென்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். இந்தக் கவுண்டியில் பாதிப் பேர் என் பேருந்தில் ஏறி இறங்கியவர்கள். போன வருஷம் ஜனவரியில் சக்கரத்துச் சங்கிலியைப் பார்க்க இறங்கும்போது பனியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. அப்படித்தான் ஹார்வில் டாக்டரிடம் போனேன். அவர் எழுதித் தந்ததை வாங்கினேன். வாங்கியதை விழுங்கினேன். அவ்வளவுதான் என் கதை.

என்னைப் பிடித்தது மருந்துக்கடையில். ஜனெல் என்று ஒரு பெண் அங்கே வேலை செய்கிறாள். "கொஞ்சம் உக்காருங்க, ஸ்டாக் பாத்துட்டு வர்றேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. கொஞ்ச நேரத்தில் டூயி காலெட் வந்து நின்றான், துணை ஷெரீப்.

"ஒலீட்டாக்கா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

"எதுக்குடா?"

"வெளிய வாங்க, சொல்றேன்."

"இங்கயே சொல்லு. வெளிய குளிருது."

அவனுடைய இரண்டு பிள்ளைகளும் என் பேருந்தில்தான் வருகிறார்கள். விலங்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு, "கைய முன்னாடியே போட்டுடறேன்கா, பின்னாடி போட்டா முதுகு வலிக்கும்ல" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனை மன்னித்துவிட்டேன். மற்றவர்களை மன்னிக்கவில்லை.

அந்த எண்ணை நான் தொடவில்லை. டாக்டர் எண்பது என்றுதான் எழுதினார். குற்றம் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டால் பிறகு பேருந்தின் சாவியை எவன் என் கையில் கொடுப்பான்? வீட்டுக்குப் போய் என்ன செய்வேன், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா?

உங்கள் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான்கு துண்டாக இருக்கும்.

சைஸ்மோர் என்பது என்னை விட்டு ஓடிப்போனவனின் பெயர். ஒலீட்டா என்றே எழுதுங்கள்.

ஒலீட்டா


மார்ச் 19

ஒலீட்டா அவர்களுக்கு,

துண்டுகள் கிடைத்தன.

கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால் கோபத்தை ஜூரியின் முன் வைத்து வழக்கை ஜெயிக்க முடியாது. பென்னிங்டன் கையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். யார் எந்தக் கடையில் எத்தனை மாத்திரை வாங்கினார்கள் என்று அரசாங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதில் உங்கள் பெயரில் மாதாமாதம் எண்பது இருக்கிறது. டாக்டரோ மாதாமாதம் முப்பதுதான் எழுதினேன் என்கிறார். அதாவது, ஒருமுறை அல்ல, ஒவ்வொரு மாதமும் நீங்கள் திருத்தினீர்கள் என்பது அவர்கள் கட்சி. வழக்கு விசாரணைக்குப் போனால் ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் ஒரு குற்றச்சாட்டு சேர்ப்பேன் என்கிறார் பென்னிங்டன். அந்த ஆளிடம் வெறும் மிரட்டல் கிடையாது, சொன்னால் செய்வார்.

இன்னொன்று. இரண்டு தடவை குறித்த நாளுக்கு முன்பே போய் மருந்து கேட்டிருக்கிறீர்கள். சிறைக்கு வந்த முதல் வாரம் நீங்கள் பட்ட பாட்டை அங்கிருக்கும் நர்ஸ் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் மாத்திரைக்கு அடிமை என்று அவர்கள் சொல்வார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் ஒரு பக்கம், போதைக்கு அடிமையான பெண் ஒரு பக்கம் என்றால் ஜூரி யாரை நம்பும்?

அதனால் நேராகவே கேட்கிறேன். எனக்கு எது உண்மையோ அது தெரிய வேண்டும். திருத்தினீர்களா?

மிரியம் ஆஸ்ட்ராண்டர்


மார்ச் 25

வக்கீலம்மா,

கேட்டதற்கு நன்றி. இதுவரை எவரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள்.

ஆமாம், மாத்திரை என்னைப் பிடித்துக்கொண்டது. முதலில் முதுகுக்காகச் சாப்பிட்டேன். வெயில் காலம் முடிவதற்குள் மாத்திரைக்காகவே மாத்திரை சாப்பிட்டேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டும் நேரத்தில் தொட்டதில்லை. சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை பாட்டிலைத் திறப்பது. காலையில் எலும்பெல்லாம் கழன்று விழுவதுபோல இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவேன். என் தம்பி ஆர்விலிடம் பொய் சொல்லியிருக்கிறேன். சர்ச்சில் பொய் சொல்லியிருக்கிறேன். இதெல்லாம் உண்மை.

எண்ணைத் திருத்தினேன் என்பது உண்மை இல்லை.

இப்போது நான் கேட்கிறேன். எனக்கு மேல் படுக்கையில் டோன்யா பிளெட்சோ என்று ஒரு பெண் இருக்கிறாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. சமையல்கட்டில் வேலை. வழக்கைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்றீர்கள். நான் பேசவில்லை, அவள்தான் பேசினாள். அவளுக்கும் ஹார்வில்தான் டாக்டர். அவளுக்கும் முப்பது எழுதினாராம், அவளும் எண்பதாகத் திருத்தினாளாம். ஒரே டாக்டர், ஒரே மூன்று, ஒரே எட்டு. இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதிரித் திருட்டுப் புத்தி வருமா?

"உனக்கு வக்கீல் யாரு?" என்று கேட்டேன்.

"மிரியம்னு ஒரு அம்மா. பத்து நிமிஷம் இருந்தாங்க. வாயில புதினா மிட்டாய் மணத்துச்சு. கையெழுத்துப் போட்டுடு, அதான் நல்லதுன்னாங்க."

"நீ திருத்தினியா?"

"இல்ல. ஆனா அத யாரும் கேக்கலியே."

அவள் பெண் குழந்தை இப்போது அரசாங்கம் பார்த்துக் கொடுத்த யாரோ ஒரு வீட்டில் வளர்கிறது. கண்காணிப்பில் விட்டார்கள். கண்காணிப்பு அதிகாரியைப் பார்க்க வேண்டிய ஒரு சந்திப்புக்குப் போகத் தவறினாள். திரும்ப உள்ளே போட்டுவிட்டார்கள். சிறை கிடையாது என்று நீங்கள் எழுதினீர்களே, அதன் லட்சணம் இதுதான்.

பதில் போடுங்கள். போடாவிட்டாலும் பரவாயில்லை. கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்.

ஒலீட்டா


ஏப்ரல் 2

ஒலீட்டா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முதலில் ஒரு பதில் எழுதினேன். போன வருஷம் என்னிடம் எத்தனை வழக்கு இருந்தது, நான் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனேன் என்றெல்லாம் அதில் இருந்தது. அதை அனுப்பவில்லை.

டோன்யா என் கட்சிக்காரராக இருந்தவர். அவருடைய வழக்கைப் பற்றி உங்களிடம் நான் பேசக் கூடாது. அதனால் பொதுவில் இருக்கும் சங்கதியை மட்டும் சொல்கிறேன். நீதிமன்றத்துக்குப் போய்ப் பழைய வழக்குகளைத் தேடினேன். ஹார்வில் புகார் கொடுத்து நடந்த வழக்குகள் உங்களுடையதையும் சேர்த்து நான்கு. எல்லாம் சென்ற கோடைக்குப் பிறகு வந்தவை. சென்ற கோடையில்தான், அளவுக்கு மீறி மாத்திரை எழுதுகிறார் என்று மருத்துவ வாரியம் அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. நோயாளிகள் திருத்திவிட்டார்கள் என்பதுதான் அவர் கண்டுபிடித்த விளக்கம்போல. உங்களைத் தவிர மூவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள்.

நேற்று பென்னிங்டனைப் பார்த்து, சமரசம் வேண்டாம் என்றேன்.

"மிரியம், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"பஸ் ஓட்டற அம்மாவுக்காக டாக்டரோட சண்டை போடப் போறியா? இந்தக் கவுண்டியில இருக்கறதே ரெண்டு டாக்டர்."

"அப்ப இன்னொருத்தர் மிச்சம் இருக்கார்ல."

சிரித்தார். சிரித்துக்கொண்டே பதினோரு குற்றச்சாட்டாக மாற்றிவிட்டார். இப்போது பழைய சமரசம் கிடையாது. பயமாக இருந்தால் சொல்லுங்கள், திரும்பப் போய்க் கெஞ்சிப் பார்க்கிறேன்.

இல்லையென்றால் ஒரு வேலை செய்யுங்கள். அந்த கிளினிக்கில் வாசலில் கால் வைத்ததிலிருந்து வெளியே வரும்வரை என்னென்ன நடக்கும் என்று எழுதுங்கள். எதையும் விடாதீர்கள்.

மிரியம்


ஏப்ரல் 8

மிரியம்மா,

கெஞ்ச வேண்டாம். இனி வக்கீலம்மா என்று எழுதப் போவதில்லை, நீங்கள் முதல்முதலாக எனக்கு வக்கீல் வேலை பார்த்திருப்பதால்.

ஆர்வில் வந்திருந்தான். மாடுகளை விற்று ஜாமீன் கட்டுகிறேன் என்றான். "மாட்ட வித்துட்டு அடுத்த வருஷம் என்னத்தடா திம்பே?" என்று திட்டி அனுப்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதான், தடியன். மாத்திரையைப் பற்றி அவனிடம் சொன்னேன். "தெரியும்கா" என்றான். தெரியுமாம்!

கிளினிக்கைக் கேட்டீர்கள். பழைய ஃபர்னிச்சர் கடைதான் இப்போது கிளினிக். வெளியே நிற்கும் கார்களில் பாதி பக்கத்து மாநிலம் ஒஹாயோவின் நம்பர். உள்ளே போனால் ஜன்னலில் பணம் கட்ட வேண்டும், ரொக்கம் மட்டும். அப்புறம் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு இன்னும் கெட்டுப்போகும். பேர் கூப்பிட்டால் நர்ஸ் எடை பார்ப்பாள். போன மாதப் பாட்டிலைக் கேட்பாள். பாட்டில் கொண்டுவராவிட்டால் சீட்டு கிடையாது, அது அங்கே சட்டம். லேபிளைப் பார்ப்பாள், மிச்ச மாத்திரையைத் தட்டில் கொட்டி எண்ணுவாள். விற்றுவிட்டோமா என்று பார்க்கத்தானாம். பிறகு டாக்டர் வருவார். நின்றுகொண்டே, "எப்படி இருக்கு?" என்பார். "வலிக்குது டாக்டர்" என்பேன். எழுதிக் கிழித்துக் கொடுப்பார். முதுகைத் தொட்டுப் பார்த்தது முதல் நாள் மட்டும்தான்.

டோன்யாவைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று நடுவில் ஒருநாள் நேரில் வந்தபோது ஜாடையாகச் சொன்னீர்கள். வேண்டாம். ஜூனில் வெளியே போகப் போகிறாள். போனால்தான் குழந்தையைப் பார்க்கலாம். நீதிமன்றத்தில் வாயைத் திறந்தால் பென்னிங்டன் அவளைச் சும்மா விடுவாரா? என்னைக் காப்பாற்ற அவளைத் தண்ணீரில் தள்ளாதீர்கள்.

ஒலீட்டா


ஏப்ரல் 16

ஒலீட்டா,

பாட்டில்.

உங்கள் கடிதத்தை அலுவலக வாசலில் நின்றபடி படித்தேன். அந்த இடம் வந்ததும் மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மருந்துக்கடை ஒட்டும் லேபிளில் எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்பது அச்சாகியிருக்கும். எண்பது என்று அச்சடித்த பாட்டிலை மாதாமாதம் நீங்கள் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். அவர்கள் வாங்கிப் பார்த்து, எண்ணி, திருப்பிக் கொடுத்து, அடுத்த சீட்டும் எழுதியிருக்கிறார்கள். முப்பது எழுதிய டாக்டர் எண்பது பாட்டிலைப் பார்த்து ஏன் வாயைத் திறக்கவில்லை?

ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க ஐந்து நிமிஷம் ஆகாது.

ஆனாலும் டோன்யா தேவை. ஒருத்தி சொல்வதைவிட இருவர் சொல்வதற்கு எடை அதிகம். அவர் வழக்கு முடிந்துவிட்டதால் அவருக்கு இப்போது நான் வக்கீல் இல்லை. சம்மன் அனுப்பினால் வந்தே ஆக வேண்டும். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். உங்கள்மேல் பதினோரு குற்றச்சாட்டு இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள்.

இன்னொன்று, நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறக் கூடாது. ஏறினால் பென்னிங்டன் உங்கள் போதைப் பழக்கத்தை அம்பலத்தில் வைத்துக் கிழிப்பார். வாயை மூடி உட்கார்ந்திருப்பது உங்கள் உரிமை. அதைப் பயன்படுத்துங்கள்.

மிரியம்


ஏப்ரல் 21

மிரியம்மா,

சம்மன் அனுப்பினால் வேறு வக்கீல் வேண்டும் என்று நீதிபதிக்கு எழுதுவேன். பென்சில் கைவசம் இருக்கிறது.

நேற்று ஒரு துப்பறியும் அதிகாரி வந்தார். நீங்கள் இல்லாமல் என்னிடம் பேசக் கூடாதாமே, எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வேறு விஷயம் பேச வந்ததாகச் சொன்னார். "உங்க ரூம்ல டோன்யான்னு ஒரு பொண்ணு இருக்கே, வெளிய இருக்கும்போது யார் யாருக்கு மாத்திரை வித்தான்னு பேச்சுவாக்கில சொல்லியிருப்பாளே?" என்றார்.

"சொன்னா?"

"உங்க கேஸ் லேசாயிடும்."

"அவ சமையக்கட்டுல போடற காபி கேவலமா இருக்கு. அது ஒண்ணுதான் அவ செஞ்ச குத்தம். எழுதிக்கோங்க."

எழுந்து போய்விட்டார். அவர்கள் அவளைப் பிடித்து என்னை அடிக்கப் பார்க்கிறார்கள், என்னைப் பிடித்து அவளை அடிக்கப் பார்க்கிறார்கள். நீங்களும் அதே காரியத்தை நல்ல எண்ணத்தோடு செய்யாதீர்கள்.

கூண்டில் ஏறுவேன். எதை மறைப்பது? ஒளித்து வைத்தால்தானே அவர் தோண்டி எடுப்பார்.

ஒலீட்டா


ஜூன் 14

ஒலீட்டா,

சம்மன் அனுப்பவில்லை. டோன்யா நேற்று வெளியே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த அதிகாரி வந்த விஷயத்தை நீதிபதியிடம் சொல்லிவிட்டேன். அவர் பென்னிங்டனை அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தபோது பென்னிங்டன் முகத்தில் சிரிப்பு இல்லை.

திங்கள்கிழமை விசாரணை. ஆர்வில் உங்கள் ஊதா உடுப்பைக் கொண்டுவருவார். கூண்டில் ஏறுவதைப் பற்றி இன்னமும் எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் முடிவு உங்களுடையது.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஜூரி முன்னால் நின்று நாளாகிவிட்டது. நாங்கள் கையெழுத்து வாங்கித்தான் பழகிவிட்டோம்.

மிரியம்


ஜூலை 9

ஒலீட்டா,

வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்? மாத்திரையை விடுவதற்கான அந்தச் சிகிச்சை மையத்துக்குப் போகிறீர்களா?

ஓர் உதவி வேண்டும். டோன்யா ஒஹாயோவில் சித்தி வீட்டில் இருக்கிறார். போட்ட கையெழுத்தை ரத்து செய்யக் கேட்டு மனு போடலாம் என்று அவருக்கு எழுதினேன். அவர் என்னை நம்பவில்லை, நம்பவேண்டிய அவசியமும் இல்லை. "ஒலீட்டாக்கா சொல்லட்டும், அந்தக் கோர்ட்டு ரூம்ல நெஜமாவே என்ன நடந்துச்சுன்னு" என்கிறார். அவர் முகவரியை நான் தரக் கூடாது. எனக்கு எழுதுங்கள், அப்படியே அனுப்பிவிடுகிறேன். என்னைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்று இல்லை.

மிரியம்


ஜூலை 15

மிரியம்மா, இது டோன்யாவுக்கு. நீங்களும் படிக்கலாம்.

டோன்யா,

பேனாவில் எழுதுகிறேன், பார்த்தாயா? முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ நகத்தைக் கடித்தே தின்றுவிடுவாய். பதினோரு குற்றச்சாட்டுக்கும் குற்றமற்றவள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த அறை நினைத்ததைவிடச் சின்னது. மின்விசிறிச் சத்தம். ஹார்வில் வந்தார், நல்ல கோட்டு. பென்னிங்டன் கேட்டதற்கெல்லாம் தேன் ஒழுகப் பதில் சொன்னார். நோயாளியை நம்பியது என் தப்பு என்று தலையைக்கூட ஆட்டினார். ஜூரியில் ஒரு பெண் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

அப்புறம் மிரியம்மா எழுந்தார். கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

"டாக்டர், மாசாமாசம் பழைய பாட்டிலக் கொண்டுவரணும்கறது யார் போட்ட விதி?"

"நான் போட்டதுதான். மாத்திரையை வெளிய விக்கறாங்களான்னு தெரிஞ்சுக்க. நாங்க ரொம்பக் கண்டிப்பு."

"பாட்டில யார் பாப்பாங்க?"

"நர்ஸ் பாத்து எண்ணி எங்கிட்ட சொல்லுவாங்க."

"லேபிளையும் பாப்பாங்களா?"

"எல்லாத்தையும் பாப்பாங்க."

"லேபிள்ல எத்தனைன்னு இருந்துச்சு?"

டாக்டர் பென்னிங்டனைப் பார்த்தார். பென்னிங்டன் தன் பேனாவைப் பார்த்தார்.

"நீங்க முப்பது எழுதினீங்க. எண்பதுன்னு அச்சடிச்ச பாட்டில் உங்க மேசைக்கே மாசாமாசம் வந்துச்சு. ஒரு தடவையாவது, என்னம்மா இதுன்னு கேட்டீங்களா?"

"எனக்கு நோயாளிங்க ரொம்பப் பேர்."

"கண்டிப்புன்னு சொன்னீங்களே?"

ஜூரியில் கடைசியில் உட்கார்ந்திருந்த பெரியவர், லாரி ஓட்டியவர்போல இருந்தார், தொண்டையைச் செருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் ஹார்வில் பக்கம் திரும்பாமலே, "எண்பதுதான் இருக்கும். எப்பவும் எண்பதுதான்" என்றாள்.

மறுநாள் நான் ஏறினேன். மிரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் என்னை ஏற்றிவிட்டார். பென்னிங்டன் நேராக வந்து, "நீங்க இந்த மாத்திரைக்கு அடிமைதானே?" என்றார்.

"ஆமா."

அவர் நிறையக் கேள்வி தயார் செய்து வந்திருப்பார்போல. எல்லாம் நான் இல்லை என்று சொன்னால் கேட்பதற்கு. தாளைப் புரட்டினார், புரட்டினார்.

"இப்ப ஒரு பாட்டில இந்த மேசைமேல வச்சா எடுப்பீங்களா?"

"கை துடிக்கும். எடுக்க மாட்டேன்னு இன்னிக்கு சொல்றேன். நாளைக்கானத நாளைக்குத்தான் சொல்லணும்."

"அடிமையா இருக்கறவங்க மாத்திரைக்காகப் பொய் சொல்லுவாங்க இல்லையா?"

"சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கேன். அதோ உக்காந்திருக்கான் பாருங்க, என் தம்பி, அவங்கிட்டயே சொன்னேன். உங்ககிட்டயும் சொல்றதா இருந்தா மொதல் கேள்விக்கே இல்லைன்னு சொல்லியிருப்பேனே சார்."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஜூரி உள்ளே போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டது. "குற்றமில்லை" என்று படிக்கப் படிக்க எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஆர்வில் எழுப்பிய சத்தத்துக்கு நீதிபதி அவனை அதட்டினார்.

டோன்யா, எல்லாம் இனித்தது என்று சொல்ல மாட்டேன். நான் கூண்டில் ஒப்புக்கொண்டது பேப்பரில் வந்துவிட்டது. பள்ளிக்கூட நிர்வாகம் பேருந்து கிடையாது என்று சொல்லிவிட்டது. குற்றமற்றவளாம், ஆனால் சாவி தர மாட்டார்களாம். சண்டை போடுகிறேன். அது என் பாடு.

நீ செய்யாததைச் செய்தேன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உன் குழந்தையைக் கேட்டுப் போகும்போதெல்லாம் அந்தத் தாளை உன் முகத்துக்கு நேராக நீட்டுவார்கள். கிழிக்கலாமா வேண்டாமா என்பது உன் இஷ்டம். கிழிப்பதாக இருந்தால் நான் உன் பக்கத்தில் நிற்பேன்.

ஒலீட்டாக்கா


செப்டம்பர் 20

ஒலீட்டா,

டோன்யா மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்த முறை தானாகவே.

லெக்ஸிங்டனிலிருந்து ஒரு வக்கீல் அவருக்காக வாதாடுகிறார். நான் வாதாட முடியாது, ஏனென்றால் நான்தான் முதல் சாட்சி. திருத்தினாயா என்று அவரிடம் நான் கேட்கவில்லை, பாட்டிலைப் பற்றி விசாரிக்கவில்லை, பத்து நிமிஷத்தில் எழுந்து போனேன் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். வக்கீல் தன் வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று நிரூபித்தால்தான் அந்தப் பழைய கையெழுத்து ரத்தாகும். மேலதிகாரி கூப்பிட்டு, "மிரியம், இதச் சொன்னா உன் பழைய கேஸ் அத்தனையையும் தோண்டுவாங்க, யோசிச்சுக்கோ" என்றார். "தோண்டட்டும்" என்றேன்.

என்னைக் குறுக்கு விசாரணை செய்யப்போவது பென்னிங்டன். அக்டோபர் ஒன்பது, காலையில். இத்தனை வருஷம் அந்தக் கூண்டுக்கு எதிரில் நின்றிருக்கிறேன். ஒருநாளும் ஏறியதில்லை.

மிரியம்


செப்டம்பர் 25

மிரியம்,

பெயருக்குப் பின்னால் ‘அம்மா’ போடுவதை விட்டுவிட்டேன், உங்களைவிட எனக்கு வயது அதிகம்.

கூண்டில் நாற்காலி தாழ்வாக இருக்கும், எல்லோரும் உங்களை மேலிருந்து பார்ப்பதுபோலத் தோன்றும். அதற்கெல்லாம் மிரள வேண்டாம். பென்னிங்டன் கிட்டே வந்து நின்று குரலைத் தாழ்த்துவார். நீங்கள் தாழ்த்தாதீர்கள். அவர் கேட்பது உண்மை என்றால் ஆமாம் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மூன்று கவுண்டி, பாறை, இரவெல்லாம் வேலை என்று காரணம் சொல்லத் தொடங்கினீர்களோ, அங்கேதான் பிடித்துக்கொள்வார். உங்கள் காரணமெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் போதும்.

புதினா மிட்டாய் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்தோடு என் சண்டை முடியவில்லை. இன்னொரு கூட்டம் வைத்திருக்கிறார்கள், போய்க் கத்தப்போகிறேன். அதற்கு நடுவில் ஒன்பதாம் தேதி வருகிறது. டோன்யாவிடம் கார் இல்லை, சித்தியும் கொண்டுவந்து விட மாட்டாளாம். முதல்நாளே ஒஹாயோ போய் அவளை ஆர்விலின் லாரியில் கூட்டி வருகிறேன். எட்டு மணிக்கே நீதிமன்ற வாசலில் இருப்போம். வண்டியை நான்தான் ஓட்டுவேன். அதற்கு எந்த நிர்வாகத்தின் அனுமதியும் எனக்கு வேண்டியதில்லை.

ஒலீட்டா